ஒரு கொல்லையில் எத்தனை சேவல்?

பன்னிரண்டு முட்டை அடைவைத்து, பத்துக் குஞ்சு பொரித்தால், ஏறக்குறைய ஐந்து சேவலாகத்தான் இருக்கும். குஞ்சாக இருக்கும்வரை இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மூன்றாம் மாதத்தில் கொண்டை சிவக்கத் தொடங்கும். நான்காம் மாதத்தில் கரகரத்த குரலில் கூவிப் பார்க்கும். ஐந்தாம் மாதத்தில் கொல்லை முழுக்க ஒரே துரத்தலும் கூச்சலுமாகிவிடும். ஆறு பெட்டைக்கு நாலு சேவல் என்ற நிலைமை ஒரு வீட்டில் யாரும் திட்டமிடாமலேயே இப்படித்தான் வந்து சேர்கிறது.

கூடுதல் சேவலை விற்றுவிடு, இல்லையென்றால் அடித்துக் குழம்பு வை என்பதுதான் ஊரில் கிடைக்கும் யோசனை. பல வீடுகளுக்கு அது சரியான யோசனையும்கூட. ஆனால் எல்லோராலும் உடனே அப்படிச் செய்ய முடிவதில்லை. குலதெய்வத்துக்கு நேர்ந்துவிட்ட சேவல் ஒன்று இருக்கும். ஆடியிலோ தீபாவளிக்கோ நல்ல விலை போகும் என்று நிறுத்தி வைத்தவை இரண்டு இருக்கும். பிள்ளைகள் பெயர் வைத்து வளர்த்தது ஒன்று இருக்கும். இருக்கிற சேவலைப் பருந்தோ நோயோ கொண்டுபோனால் மாற்று வேண்டும் என்ற கவலையும் நியாயமானதுதான். ஒன்றுக்கு மேற்பட்ட சேவலை வைத்துக் காப்பாற்ற முடியும். ஆனால் அது தானாக அமையாது, ஏற்பாடு செய்ய வேண்டும்.

சேவல் அதிகமா இல்லையா என்பதைச் சேவல்களைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. இரண்டு சேவல் மோதிக்கொள்வது நம் கண்ணில் பளிச்சென்று படுகிறது. அதனால் அதுதான் பிரச்சினை என்று நினைத்துவிடுகிறோம். உண்மையான கேடு பெட்டைகளுக்குத்தான் போய்ச் சேர்கிறது. சேவல் மிதிக்கும்போது பெட்டையின் பிடரி இறகையோ கொண்டையையோ அலகால் கவ்விக்கொண்டு முதுகில் ஏறி நிற்கும். ஒரு நாளில் சில முறை என்றால் பெட்டை அதைத் தாங்கும். நாலு சேவல் மாறி மாறி ஏறினால் பிடரி மொட்டையாகும், முதுகில் இறகு உடைந்து குச்சி குச்சியாக நிற்கும். அதன் பிறகு நகமும் காலிலுள்ள முள்ளும் நேராகத் தோலைக் கிழிக்கும். இறக்கைக்கு அடியில், விலாப்பக்கத்தில் விழும் கிழிசலை மேலே மூடியிருக்கும் இறகு மறைத்துவிடும். எனவே வாரம் ஒரு முறையாவது, கூட்டில் அடைந்த பிறகு, ஒவ்வொரு பெட்டையையும் கையில் எடுத்து இறக்கையை விரித்துப் பாருங்கள். முட்டை குறைவது, பெட்டை பகலிலும் கூட்டை விட்டு இறங்காமல் பரண்மேல் உட்கார்ந்திருப்பது, தீவனத்துக்கே வரப் பயப்படுவது எல்லாம் அதே கதையின் மற்ற அடையாளங்கள்.

எண்ணிக்கையில் நான் கறாராக இருக்கச் சொல்வேன். நாட்டுக்கோழியில் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் என்பது நல்ல கணக்கு. உடல் கனத்த இனமாக இருந்தால் எட்டுக்கு ஒன்று. இரண்டு சேவல் வேண்டுமென்றால் இருபது பெட்டை இருக்க வேண்டும். ஆறு பெட்டைக்கு இரண்டு சேவலை வைத்துக்கொண்டு, இரண்டும் சாதுவாகத்தான் இருக்கின்றன என்று சொல்கிறவர்களின் வீட்டுப் பெட்டைகளின் முதுகைப் பார்த்துவிட்டுத்தான் அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

சேவல் குறைந்தால் முட்டை பொரியாது, கூமுட்டையாகிவிடும் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. அந்தப் பயத்துக்கு இடமில்லை. பெட்டையின் கருக்குழாயில் விந்தைச் சேமித்து வைக்கும் நுண்ணிய குழல்கள் இருக்கின்றன. ஒரு முறை சேவல் மிதித்தாலே, அடுத்த ஒரு வாரம் பத்து நாள் இடும் முட்டைகளில் பெரும்பாலானவை கருக்கூடியவையாக இருக்கும். அதன் பிறகு குறைந்துகொண்டே வந்து, மூன்று வாரத்தில் ஏறக்குறைய நின்றுவிடும். ஆகவே பத்துப் பெட்டைக்கு ஆரோக்கியமான ஒரு சேவல் தாராளமாகப் போதும். முட்டைக்காக மட்டும் வளர்ப்பவர்களுக்குச் சேவலே தேவையில்லை, சேவல் இல்லாமலும் பெட்டை முட்டையிடும்.

இப்படிச் சொன்னதால் சேவலை வெறும் தீனிச் செலவு என்று எண்ணிவிடக் கூடாது. மேய்ச்சலுக்குப் போகும் கூட்டத்தில் அது செய்யும் காவல் பெரியது. பருந்து வந்தால் ஒரு குரல், நாயோ கீரியோ வந்தால் வேறொரு குரல். ஆய்வாளர்கள் கிறிஸ்டோபர் எவன்ஸும் பீட்டர் மார்லரும் 1990களில் சேவலின் தலைக்கு மேலே திரை வைத்து, பறக்கும் பருந்தின் உருவத்தைக் காட்டிச் சோதித்தார்கள். திரையில் தெரிந்த உருவத்துக்கே சேவல் பருந்துக்குரிய குரலைக் கொடுத்தது. பதிவுசெய்த அந்தக் குரலை ஒலிக்கவிட்டபோது, பருந்தையே பார்க்காத பெட்டைகள் மறைவிடம் தேடி ஓடின. தரையில் வரும் எதிரிக்கான குரலுக்கோ நிமிர்ந்து நின்று சுற்றிலும் பார்த்தன. கொல்லையில் கோழி வளர்ப்பவர்கள் எல்லோரும் காதால் அறிந்த விஷயம் இது. மரமும் புதரும் கலந்த பெரிய கொல்லையில் கூட்டம் இரண்டாகப் பிரிந்து மேயும்போது, இரண்டாவது சேவல் இருப்பது உண்மையிலேயே பயன்தான்.

இனி, சேவல்களுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கோழிக் கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்பதற்கு ஒரு வரிசை உண்டு என்பதை நார்வேக்காரர் ஷெல்டெருப்-எப்பே 1920களின் தொடக்கத்தில் எழுதி வைத்தார். சிறுவனாக இருந்தபோதே வீட்டுக் கோழிகளைக் கவனித்துக் குறிப்பெழுதத் தொடங்கியவர் அவர். பெட்டைகளுக்கு ஒரு வரிசை, சேவல்களுக்கு ஒரு வரிசை. வரிசை முடிவாகும்வரைதான் கடுமையான சண்டை. முடிவான பிறகு பெரியது ஒரு பார்வை பார்த்தாலே சின்னது ஒதுங்கிவிடும். 2015இல் ஜப்பான் ஆய்வாளர்கள் இதை விடியற்காலைக் கூவலிலேயே கண்டார்கள். ஒரே இடத்தில் இருக்கும் சேவல்களில் தலைமைச் சேவல்தான் முதலில் கூவுகிறது, மற்றவை தத்தம் இடத்துக்கு ஏற்ப ஒன்றன்பின் ஒன்றாகக் கூவுகின்றன. தலைமைச் சேவலை அகற்றினால் அடுத்தது முதலில் கூவத் தொடங்குகிறது. உங்கள் கொல்லையில் யார் தலைவன் என்று தெரிந்துகொள்ள விடியலில் காது கொடுத்தாலே போதும்.

கீழ்நிலைச் சேவலின் பாடு எனக்கு எப்போதும் மனதைத் தொடும் விஷயம். புழுவோ கரையானோ கிடைத்தால் சேவல் தலையை ஆட்டி, 'டுக் டுக்' என்று சத்தமிட்டுப் பெட்டையை அழைக்குமல்லவா? தலைமைச் சேவல் அருகில் இருக்கும்போது கீழ்நிலைச் சேவல் சத்தத்தை விட்டுவிட்டு, தலையை மட்டும் ஆட்டி அழைக்கிறது. சத்தம் போட்டால் அடி விழும் என்று அதற்குத் தெரியும். பெட்டைகளும் சும்மா இருப்பதில்லை. கீழ்நிலைச் சேவல் வலிந்து மிதித்தால் அதன் விந்தைப் பெட்டை வெளியேற்றிவிடுவது உண்டு என்று 2000ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் டொமாசோ பிசாரியும் டிம் பர்க்ஹெட்டும் காட்டினார்கள். கூடுதல் சேவலால் கருக்கூடும் முட்டை கூடுவதைவிடப் பெட்டையின் காயம்தான் கூடும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நாம் தலையிட வேண்டிய இடமும் விலகி நிற்க வேண்டிய இடமும் இந்த வரிசையிலிருந்து தெரியவருகின்றன. பிடரியைச் சிலிர்த்துக்கொண்டு முகத்துக்கு முகம் நிற்பது, இரண்டு மூன்று முறை எம்பிக் குதிப்பது, பிறகு ஒன்று திரும்பி ஓடுவது, இவ்வளவோடு முடிந்தால் விட்டுவிடுங்கள். நடுவில் புகுந்து பிரித்தால் முடிவாகாத சண்டை நாளைக்கும் தொடரும். தோற்றது ஓடிய பிறகும் வென்றது துரத்தித் துரத்தித் தலையில் கொத்தினாலோ, இரத்தம் வழிந்தாலோ உடனே பிரிக்க வேண்டும். இரத்தத்தைப் பார்த்தால் மற்றக் கோழிகளும் வந்து கொத்தும். தோற்ற சேவலுக்கு ஓடி மறைய இடமில்லாததே பல சண்டைகள் சாவில் முடியக் காரணம். நாலுபுறமும் வலையடித்த சின்ன அடைப்பில் மூலைக்குப் போனது அங்கேயே மாட்டிக்கொள்கிறது.

அதனால் கொல்லையில் பார்வையை மறைக்கும் பொருள்கள் வேண்டும். சாய்த்து வைத்த பழைய கதவு, விறகுக் கட்டு, முருங்கைக் கிளைக் குவியல், ஓலைத் தட்டி எதுவானாலும் சரி. தோற்ற சேவல் பத்தடி ஓடினால் வென்றதன் கண்ணில் படாமல் போக வேண்டும். மூலைகளை முட்டுச்சந்தாக விடாமல், பின்பக்கம் வழியும் இருக்கும்படி வையுங்கள். தவிடும் குருணையும் ஒரே தட்டில் போட்டால் தலைமைச் சேவல் அந்தத் தட்டுக்கு அதிகாரியாகிவிடும். சேவலுக்கு ஒன்று வீதமும், அதற்கு மேல் ஒன்றும், ஒன்றிலிருந்து ஒன்று தெரியாத தூரத்தில் தட்டும் தண்ணீரும் வைத்தால் பாதிச் சண்டை குறையும். இரவு அடையும் கம்புகளிலும் தாராளமாக இடம் இருக்கட்டும். காலையில் கூட்டை விடிந்தவுடன் திறந்துவிடுங்கள். வெளிச்சம் வந்த பிறகும் அடைத்து வைத்திருக்கும் நேரம்தான் மிக மோசமானது. சேவல்கள் விழித்துக்கொண்டிருக்கும், பெட்டைகளுக்கு ஓட இடமிருக்காது. பொழுது சாயும் நேரத்திலும் மிதிப்பது அதிகம், அப்போது ஒரு கண் வைத்திருங்கள்.

பஞ்சாரத்தில் கவிழ்த்து வைக்கும் வழக்கம் இருக்கும் வீடுகளில் ஒரு பஞ்சாரத்துக்கு ஒரு சேவல் என்பதை மீறவே கூடாது. குஞ்சோடு இருக்கும் தாய்க்கோழிக்குத் தனிப் பஞ்சாரம் கொடுங்கள். தலைமைச் சேவல் பெரும்பாலும் அதைச் சீண்டாது, இளஞ்சேவல்கள் விடாது.

இளஞ்சேவல்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஐந்து மாதத்திலிருந்து ஏறக்குறைய ஒரு வயது வரை அவற்றுக்கு முறை தெரியாது. வளர்ந்த சேவல் ஒரு பக்க இறக்கையைத் தாழ்த்தி, பெட்டையைச் சுற்றி வட்டமிட்டு, அது பணிந்த பிறகு ஏறும். இளசு ஓடிப்போய்ப் பிடரியைக் கவ்வி இழுக்கும். வயதான பெட்டைகளும் பெரிய சேவலும் உள்ள கூட்டத்தில் இதற்கு அடி கிடைத்துக் கொஞ்சம் அடங்கும். ஒரே ஈட்டுக் குஞ்சுகள் மட்டும் உள்ள கூட்டத்தில் தட்டிக்கேட்க யாருமில்லை, விடைக்கோழிகள் படும்பாடு சொல்லி முடியாது. இந்த நேரத்தில் இளஞ்சேவல்களை மொத்தமாகப் பிரித்து வேறு அடைப்பில் விடுவதுதான் நான் சொல்லும் முதல் தீர்வு.

சேவல்களை மட்டும் ஒன்றாக வைத்தால் அடித்துக்கொண்டு சாகும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒன்றாக வளர்ந்த சேவல்கள், இடம் போதுமானதாக இருந்து, பெட்டை கண்ணில் படாமல் இருந்தால் பெரும்பாலும் சமாதானமாகவே இருக்கும். பெட்டைக் கூட்டத்துக்கு வலை மட்டும் தடுப்பாக இருந்தால் பலனில்லை, இடையில் ஓலைத் தட்டியோ சாக்கோ கட்டி மறைக்க வேண்டும். முடிந்தால் வீட்டின் மறுபக்கத்தில் வையுங்கள். நேர்ந்துவிட்டதையும் பண்டிகைக்கு நிறுத்தியதையும் இப்படித்தான் மாதக்கணக்கில் காப்பாற்ற வேண்டும். ஒன்று மட்டும் முக்கியம். அங்கிருந்து ஒரு சேவலை எடுத்துப் பெட்டைகளோடு சில நாள் விட்டுவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தால் அது அந்நியச் சேவலாகத்தான் நடத்தப்படும். வரிசைக்கான சண்டை முதலிலிருந்து தொடங்கும். வைத்தியத்துக்காகப் பிரித்து வைக்கும் சேவலையும், முடிந்தவரை வலைக்கு இந்தப் பக்கம் மற்றவற்றின் பார்வையிலேயே வைத்திருந்தால் திரும்பச் சேர்ப்பது எளிது.

சேவல்களை ஒன்றாக வைப்பது பற்றி இதுவரை சொன்ன எதுவும் கட்டுச்சேவல் வம்சத்துக்குப் பொருந்தாது. அசில் போன்ற இனங்கள் தலைமுறை தலைமுறையாகச் சண்டைக்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்டவை. தோற்றாலும் ஓடாத குணம்தான் அவற்றில் வளர்த்தெடுக்கப்பட்டிருக்கிறது. ஓடுவதை நம்பித்தான் மேலே சொன்ன ஏற்பாடெல்லாம் நிற்கிறது. உருவத்தில் பெரிய நாட்டுக்கோழியான பெருவிடையின் கலப்புள்ள சேவல்களிலும் இந்தக் குணம் ஓரளவு வரும். அவற்றை ஒன்றையொன்று பார்க்காதபடி தனித்தனியாகத்தான் வைக்க வேண்டும். உருவத்தில் சிறிய சிறுவிடைச் சேவல்கள் இரண்டு மூன்றை ஒரே கூட்டத்தில் நிர்வகிப்பது இவற்றைவிட எளிது. விலங்குகளைச் சண்டைக்குத் தூண்டுவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

ஆட்களைக் கொத்தவரும் சேவலை வைத்திருக்காதீர்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. சேவல் எம்பினால் குழந்தையின் முகத்துக்கு நேராகத்தான் முள் வரும். குஞ்சாக இருக்கும்போது மடியில் வைத்துக் கொஞ்சி வளர்த்த சேவல்தான் பின்னாளில் மனிதரிடம் பயமில்லாமல் மோத வருவதைப் பல வீடுகளில் காணலாம். உதைப்பதும் குச்சியால் அடிப்பதும் சண்டையை ஏற்றுக்கொண்டதாகவே அதற்குப் படும், மறுநாள் மறுபடியும் வரும். பின்வாங்கி ஓடாமல் நின்ற இடத்தில் நின்று, அது ஓயும்வரை காத்திருப்பது சில சேவல்களிடம் பலிக்கும். பலிக்காவிட்டால் அனுப்பிவிடுங்கள். இந்தக் குணம் வாரிசுக்கும் வரும் என்பதால் அதன் முட்டையை அடைவைக்கவும் வேண்டாம்.

முள்ளை மழுங்கச் செய்வது எல்லாச் சேவலுக்கும் நல்லது. முள்ளின் உள்ளே இரத்தம் ஓடும் எலும்பு இருக்கிறது, மேலே இருப்பது நகம் போன்ற உறை. நுனியில் மிகக் கொஞ்சம் மட்டும் அரத்தால் ராவினால் போதும். ஒட்ட வெட்டினால் இரத்தம் கொட்டும். முதுகு மொட்டையான பெட்டைக்குப் பழைய ஜீன்ஸ் துணியில் இறக்கை நுழைய இரண்டு வளையம் வைத்து முதுகுத்துணி தைத்துப் போடலாம். எண்ணிக்கை சரியாக இருந்தும் ஒன்றிரண்டு பெட்டை மட்டும் மொட்டையாவது உண்டு, அவை சேவலுக்குப் பிடித்தமானவை. அவற்றுக்கு இது உதவும். உடைந்து நிற்கும் இறகுக் குச்சி அடுத்த முறை இறகு உதிர்க்கும்வரை அப்படியேதான் இருக்கும். ஆகவே சேவலைக் குறைத்த அடுத்த வாரமே முதுகு மூடவில்லையே என்று கலங்க வேண்டாம்.

சந்தையில் வாங்கிய சேவலை அன்றே கூட்டத்தில் விடுவது பெரிய ஆபத்து. மூன்று வாரம் தனியாக, தனித் தட்டு தனித் தண்ணீரோடு வைத்துப் பாருங்கள். சளி, கண்வீக்கம், வெள்ளைக்கழிச்சல் எது இருந்தாலும் பெரும்பாலும் அதற்குள் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு ஒரு வாரம் வலைக்கு அந்தப் பக்கம் நிறுத்திப் பழக்கி, பிறகு சேர்க்கலாம். சண்டைக் காயம் கோழி அம்மைக்கும் வாசல். கொசுக்கடியாலும், தோல் கிழிந்த இடம் வழியாகவும் அந்த நோய் பரவும். காயத்தைச் சுத்தமாகக் கழுவி, மஞ்சள் தூளை வேப்பெண்ணெயில் குழைத்துத் தடவலாம். ஆழமான காயமென்றால் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விடுங்கள். வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி போடும்போது சேவலை விட்டுவிடும் பழக்கமும் சில வீடுகளில் இருக்கிறது. ஊரெல்லாம் சுற்றிவருவது அதுதான், முதலில் போட வேண்டியதும் அதற்குத்தான்.

தீவனத்தில் ஒரு சிறு விஷயம். கடையில் விற்கும் முட்டைக்கோழித் தீவனத்தில் ஓடு உருவாவதற்காகச் சுண்ணாம்புச்சத்து மிக அதிகம். அதை மட்டுமே தின்று வளரும் இளஞ்சேவலுக்குச் சிறுநீரகம் கெடலாம். எல்லோருக்கும் வளர்கோழித் தீவனத்தையோ கம்பு, சோளம், தவிடு கலந்ததையோ கொடுத்துவிட்டு, கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைத்தால், தேவைப்படும் பெட்டை தானே தின்றுகொள்ளும்.

எந்தச் சேவலை நிறுத்துவது என்பதை இரண்டு கட்டமாக முடிவு செய்யலாம். மூன்று மாதத்தில் கால் வளைந்தது, அலகு கோணியது, எடை ஏறாதது எல்லாவற்றையும் கழித்துவிடுங்கள். மிச்சத்தைப் பிரித்து வளர்த்து, எட்டு ஒன்பது மாதத்தில் குணம் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பெட்டையைக் கூப்பிட்டுத் தீனி காட்டுகிறதா, பருந்துக்குக் குரல் கொடுக்கிறதா, பெட்டை தானாக அதன் பக்கத்தில் போய் மேய்கிறதா என்று பாருங்கள். கூட்டத்திலேயே மூர்க்கமானது எது என்று பார்த்து அதை நிறுத்துவது பலரும் செய்வது. அடுத்த தலைமுறைச் சேவல்களுக்கும் அந்தக் குணம் வரும் என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை.

அப்படித் தேர்ந்தெடுத்த சேவலையும் அதே கூட்டத்தில் ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தால் மகளையே மிதிக்கும். குஞ்சு நோஞ்சானாகும், பொரிப்பு குறையும். ஆண்டுக்கு ஒரு முறை பக்கத்து ஊர் உறவினரோடு சேவலை மாற்றிக்கொள்வது பழைய வழக்கம், நல்ல வழக்கம். மாற்றிய உடனே எடுக்கும் முட்டையில் பழைய சேவலின் குஞ்சும் வரும். புதிய சேவலின் வாரிசுதான் வேண்டுமென்றால் பழையதை அகற்றிய நாளிலிருந்து மூன்று வாரம் முட்டையைச் சமையலுக்கு எடுத்துக்கொண்டு, நான்காம் வாரத்திலிருந்து அடைக்குச் சேர்த்து வையுங்கள்.